சத்தம் கூடினது

ஜெர்மனியில் கைத்துப்பாக்கி வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது போலல்ல. ஒரு வருஷம் வாராவாரம் சுடுபயிற்சிக் கழகத்துக்குப் போய்வந்த பிறகுதான், 2006இல், அம்புறோசுக்கு அனுமதி கிடைத்தது. வுப்பர்டாலில் இருந்த கடைக்கு மனைவி பேர்பெச்சுவாவும் கூடவே வந்தாள். வழி முழுக்க முணுமுணுப்பு.

"துவக்குக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடிவந்தனாங்கள். இஞ்ச காசு குடுத்து வாங்கப் போறியள்."

கடைக்காரர் சிறிய ரகம் ஒன்றை எடுத்து வைத்தார். புதியவர்களுக்கு ஏற்றது, சத்தமும் குறைவு என்றார். அம்புறோஸ் அதைத் தொடவே இல்லை. சத்தம் கூடினதைக் காட்டச் சொன்னார். கடைக்காரர் ஏன் என்பதுபோலப் பார்த்தார்.

தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அம்புறோஸ் விளக்கினார். பதினாறு வருஷமாக ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் வெளியே பட்டாசு வெடிக்க, அவர் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்க் குப்புறப் படுக்கிறார். கழகத்தில் தானே விசையை இழுக்கும்போது மட்டும் பயமில்லை. அந்தச் சத்தம் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். பட்டாசு அளவுக்குச் சத்தம் இருந்தால்தான் அதுவும் பழகும்.

கடைக்காரர் பெரியதை எடுத்துவந்தார். அம்புறோஸ் கையெழுத்து வைத்தார்.

பேர்பெச்சுவா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேசைக்குக் கீழ நீங்கள் மட்டுமோ படுத்தனீங்கள்?" என்றாள்.

அம்புறோஸ் பேனாவை மூடி வைத்தார்.

"வாற செவ்வாய் நானும் கழகத்துக்கு வாறன். என்ர பேரையும் பதியுங்கோ."