பக்கிரிசாமியின் பெரிய வட்டம்

திகாம் பத்துவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பக்கிரிசாமி, மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே தலைசிறந்த ஆராய்ச்சியாளராகிவிட்டார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் பரவியது. பரப்பியவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

கடைசி மகள் குணசுந்தரி, தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த படம் ஒன்றைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். மண்ணும் தண்ணீரும் வருங்காலத்துக்கும் மிஞ்ச வேண்டும் என்று கெடாவில் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணினியை எண்ண வைத்து வரைந்த படம். மேற்கோள் கூடக்கூட வட்டம் பெரிதாகும். ஒருவர் இன்னொருவரைக் குறிப்பிட்டிருந்தால் நடுவே ஒரு கோடு. நெல் ஆய்வாளர்கள் பச்சை, ஆற்று ஆய்வாளர்கள் நீலம், ரப்பர்த் தோட்ட ஆய்வாளர்கள் சிவப்பு என்று ஆளுக்கொரு மூலையில் கிடக்க, நட்டநடுவே பூசணிக்காய் போல ஒரு வட்டம் மூன்று பக்கமும் கோடு நீட்டி உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் ‘பக்கிரிசாமி ஜி.’

அது தன் அண்ணன் குணாளன்தான் என்று சுந்தரி நம்பினாள். ஆற்றுநீர் ஆய்வில் அண்ணனுக்கு நல்ல பெயர் உண்டு, அதைச் சொல்லிக்கொள்ளத் தெரியாத மனிதர் வேறு. ஒரே ஆள் மூன்று துறைகளுக்கும் பாலமாக நிற்கிறார் என்று ஓர் அத்தியாயமே எழுதி முடித்துவிட்டாள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான்; ஞாயிற்றுக்கிழமை அதைத் தேர்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

மதியம் எல்லோரும் கடைக்கு மேலே உள்ள வீட்டில் கூடினார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் சாம்பார், அப்பளம். வெற்றியைக் கொண்டாட அப்பா ஆரஞ்சுத் தண்ணீர் போத்தல்களையும் திறந்து வைத்திருந்தார்.

“அண்ணே, எவ்வளவு பெரிய வட்டம் பாருங்க!” என்று சுந்தரி போனை நீட்டினாள்.

குணாளன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நான் நெல்லு பக்கமே போனதில்லையே. இந்த வைக்கோல் கட்டுரை யாரு எழுதுனது?”

“நான்தான்,” என்றாள் அக்கா குணவதி, அப்பளத்தை மென்றபடி. “இந்தா, தோட்டத் தொழிலாளி லைன் வீட்டப் பத்தி இருக்கே, அது உன்னோடதுலா சுந்தரி!”

சுந்தரி போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிள்ளைகளின் பெயரெல்லாம் குணத்தில் தொடங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இந்த வீட்டில் “குணா” என்று கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்பும். ஆய்விதழ்க்காரர்களோ கடைசியில் வரும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயரை ஓர் ஆங்கில எழுத்தாக நறுக்கிவிடுவார்கள். மூன்று குணாவும் சேர்ந்து ஒரு பக்கிரிசாமி ஜி. ஆகியிருந்தார்கள். பாலமும் இல்லை, அத்தியாயமும் இல்லை.

“விட்டுடு, யாருக்குத் தெரியப் போவுது?” என்றாள் அக்கா.

“எனக்குத் தெரிஞ்சு போச்சேக்கா!”

அழுகை முட்ட, அங்கேயே மடிக்கணினியைத் திறந்து மூன்று பேரையும் பிரித்தாள். பூசணிக்காய் உடைந்து மூன்று சுண்டைக்காய்களாக மூலைக்கொன்றாய் ஒதுங்கியது.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஜித்ராவில் இருக்கும் மச்சானுக்கு வேறு சொல்லியாயிற்று. “சரிம்மா, வட்டம் போனா போவட்டும். உங்க மூணு பேருக்கும் நடுவுல கோடு எங்க?”

“நாங்க ஒருத்தர ஒருத்தர் மேற்கோள் காட்டுனதே இல்லப்பா.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே சுருக்கென்றது. அண்ணன் ஆராயும் ஆறு, அவள் எழுதிய தோட்டத்தைக் கடந்துதான் அக்கா ஆராயும் வயலுக்கு வருகிறது. அந்தத் தண்ணீருக்காக இதே மேசையில் வாரம் தவறாமல் சண்டை, சாம்பார் ஆறும் வரைக்கும் சண்டை. அதில் ஒரு வரிகூட யார் கட்டுரைக்கும் போய்ச் சேரவில்லை. சுந்தரி அழுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். “அண்ணே, இதுதான் என் அத்தியாயம்!”

ஞாயிற்றுக்கிழமை தவறான படத்தையும் சரியான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். பிழை நேர்ந்த கதையை மறைக்காமல் சொன்னாள். ஒரே வாளிச் சாம்பாரை ஊற்றிக்கொள்கிறவர்களே எழுத்தில் ஒருவரை ஒருவர் தொடவில்லை என்றால், முகம் பார்க்காதவர்கள் எப்படித் தொடுவார்கள் என்று கேட்டாள். குழுத் தலைவி பேராசிரியர் யோகேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இந்த அத்தியாயத்தை முதலில் வையுங்கள் என்றார். சுந்தரிக்குப் பட்டம் உறுதியாயிற்று.

அடுத்த ஆண்டு மூவரும் சேர்ந்து, ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டி, அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதினார்கள். இந்த முறை ஆளுக்கோர் ஆய்வாளர் அடையாள எண்ணும் முழுப் பெயரும் கொடுத்தாயிற்று. சுந்தரி புதுப் படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து கல்லாமேல் விரித்தாள். பச்சைக்கும் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே கோடுகள் ஓடின.

பக்கிரிசாமி அரிசி மூட்டையை விட்டுவிட்டு வந்து, விரலால் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுப் படித்தார். குணாளன் பக்கிரிசாமி. குணவதி பக்கிரிசாமி. குணசுந்தரி பக்கிரிசாமி. பிறகு போனை எடுத்து ஜித்ரா மச்சானைக் கூப்பிட்டார்.

“மச்சான், போன வருசம் நான் ஒரு ஆளுதான். இப்ப மூணு ஆளுலா!”