நிற்கிற வண்டி

டம் என்று ஒரு சத்தம். ஜாக்கி சாய்ந்து ஃபியட்டின் முன்பக்கம் கீழே இறங்கியது.

பூவராகவன் கண்ணைத் திறந்தபோது எண்ணெய்ப் பிசுக்கேறிய இரும்பு அவர் மூக்குக்கு நாலு விரல் மேலே இருந்தது. கழற்றிய சக்கரத்தை எதற்கும் இருக்கட்டும் என்று வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டிருந்தார். அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விட இடம் இருந்தது. வெளியே வர இடம் இல்லை.

“லீலா!”

கரோல் பாக் சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லா மாடியிலும் டி.வி. தொடர். அந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஒரு மாதமாக இதே கூத்து. ஞாயிறன்று சஸ்பென்ஷன் போல்டுகளை இறுக்குவார். அடுத்த ஞாயிறு வண்டியை எடுத்தால் முன்சக்கரத்தில் மறுபடி ‘டொக் டொக்’. வாரம் முழுக்க அவர் ஆபீசுக்குப் பஸ்ஸில் போகிறார், மகள் ஸ்கூல் பஸ்ஸில் போகிறாள். நிற்கிற வண்டியில் போல்ட் எப்படித் தளரும்?

“லீலா!”

இந்த முறை மனைவி லீலாவதியின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

“ஐயோ, அடி பட்டுச்சாங்க?”

“இல்ல. அசைய முடியல. பக்கத்து வீட்டு சர்தார்ஜியக் கூப்பிடு, ஜல்தி.”

“அவங்க ஊர்ல இல்லைங்க.”

பின்சக்கரத்துக்கு வைத்த செங்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது. படுத்திருந்த சக்கரம் சாய்ந்து, இரும்பு அவர் மார்பைத் தொட்டது.

“ஹேண்ட் பிரேக்... லீலா, ஹேண்ட் பிரேக்னா என்னன்னா...”

கதவு திறந்தது. வண்டி ஆடவில்லை. அவள் ஏறவில்லை; தரையில் அவளது ஒற்றைச் செருப்பு மட்டும் அவருக்குத் தெரிந்தது. பிரேக் இழுபட்டது. அடுத்து கிளச் அமுங்கி, கியர் விழுந்தது.

“கியர் யாரு போடச் சொன்னா?”

“முன்பக்கம் சரிவு. ரிவர்ஸ்ல கெடந்தா நகராது. பேசாமப் படுங்க.”

போன வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டவள். டில்லி டிராஃபிக்கில் நீயா என்று அவர் சிரித்திருந்தார்.

பின்சக்கரங்களுக்குப் பெரிய கற்களை முட்டுக்கொடுத்தாள். சமையலறை மணையைக் கொண்டுவந்து ஜாக்கிக்கு அடியில் போட்டாள். இரும்பு மெல்ல மெல்ல மேலே போனது. பூவராகவன் தரையோடு ஊர்ந்து வெளியே வந்து சுவரில் சாய்ந்தார்.

“சக்கரத்த மாட்டி வண்டியக் கீழ இறக்குங்க. அது தன் கனத்துல நின்னப்புறம்தான் கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினா உள்ள ரப்பர் முறுக்கிக்கும். வெளியிலேருந்தே ஸ்பேனர் எட்டும், அடியில படுக்க வேணாம்.”

“யாரு சொன்னா?”

“மெக்கானிக்.”

“எந்த மெக்கானிக்? வாரம் முழுக்க வண்டி வாசல விட்டு நகரவே இல்லையே?”

லீலாவதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“புசா ரோட்ல ஸ்கூல் வாசல்ல ஒரு பள்ளம் இருக்குங்க. தெனம் பாப்பாவ இறக்கிவிடறப்ப, அங்கதான் அந்த டொக் டொக் வருது.”