ஆமா, அதுதான்

ஸ்ரீஹரியின் முன்பல்லை உடைத்தது நான்தான். பதினொன்றாம் வகுப்பு, காலாண்டு மார்க் கொடுத்த மறுநாள், தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் பாட்டிலால் ஒரே போடு. பாதிப் பல் தெறித்து பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். விரலிடுக்கில் வழிந்த ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பொய் சொல்வானேன், பார்க்க எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அவன் அப்படி ஒன்றும் கேட்டுவிடவில்லை. "மது, நேத்து உங்கம்மா கையெழுத்துப் போட வந்தாளே, கண்ணுகிட்ட நீலமா இருந்துதே, என்ன ஆச்சு?" என்றான். "கதவு இடிச்சிருச்சு" என்றேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். அவன் விடவில்லை. "எந்தக் கதவு?" என்றான். கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவன் நிஜமான அக்கறையோடு கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

தலைமையாசிரியை டி.சி.யை முழுவதும் எழுதி, தேதியை மட்டும் விட்டுவைத்தார். "ஸ்கூலுக்குள்ளயோ வெளியிலயோ, இன்னொரு தடவ உன் கை யார் மேலயாவது பட்டுதுன்னு காதுல விழுந்தா இதுல தேதி போட்டுருவேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "பொட்டப்புள்ளைக்குப் பதினொண்ணே ஜாஸ்தி" என்று அப்பா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். டி.சி. கைக்கு வந்தால் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் எங்கள் கடையில் லைனிங் துணி கிழிக்க உட்கார வேண்டியதுதான். அடுத்த வருஷம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து யாராவது பெண் பார்க்க வருவார்கள். கதை முடிந்தது.

டி.சி.க்குப் பதிலாகக் கிடைத்த தண்டனை விவாத வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், தபஸ்ஸும் மிஸ் எடுப்பார். என்னையும் அந்த வகுப்பில் ஏற்கெனவே இருந்த ஸ்ரீஹரியையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஒவ்வொரு வாரமும் அவன் வந்ததும் என் பாட்டிலைப் பெஞ்சின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உட்காருவான்.

அந்த வகுப்பில் ஒரே ஒரு விதி. எதிரில் இருப்பவர் சொன்னதற்கு உடனே பதில் சொல்லக் கூடாது. அவர் சொன்னதை முதலில் நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "அதானே?" என்று கேட்க வேண்டும். அவர் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் பேச்சு. அவர் "இல்ல" என்றால் மறுபடியும் முதலிலிருந்து. "கட்சி கட்டறது யாராலயும் முடியும். காதுல விழுந்தத கோணல் பண்ணாம திருப்பிக் குடுங்க பாப்போம்" என்பார் மிஸ். எனக்கு மகா கடுப்பு. ஸ்ரீஹரி சாதாரணமாக ஒன்றைச் சொல்வான், நான் திருப்பிச் சொல்லும்போது அது திமிராக மாறியிருக்கும். "இல்ல" என்பான். மறுபடி சொல்வேன். "இல்ல." புதிதாகக் கட்டிய பல் வழியாகக் காற்று வரும் அவனுக்கு. அந்த 'இல்ல'வைக் கேட்கும்போதெல்லாம் கை தானாக மூடிக்கொள்ளும். பீரியட் முடிந்து பார்த்தால் உள்ளங்கையில் நகம் பதிந்த தடம் இருக்கும்.

எங்கிருந்து வந்தது இந்தக் கை என்று யாரும் தேட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பி சாத்தி வைத்திருக்கும். கடையில் துணி அளக்கும் மீட்டர் கம்பி. கொஞ்சம் வளைந்துவிட்டதால், எடையளவு முத்திரை போட வந்த அதிகாரிகள் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். கடைக்கு ஆகாதது வீட்டுக்கு வந்தது. அம்மா மீது அதை உபயோகித்தார் அப்பா. என் மீது கை மட்டும்தான், அதுவும் எப்போதாவது. சோறு குழைந்தால், தம்ளர் உருண்டால், கடையில் வியாபாரம் படுத்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு அடிதான். கம்பி முதுகில் விழும் சத்தம் மெத்தையைத் தட்டுவது போல இருக்கும். அம்மா கத்த மாட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அடித்து முடித்ததும் அப்பாவே தேங்காய் எண்ணெய் எடுத்து வருவார்.

பெற்றோர் தினத்துக்கு விவாதம் வைப்பது என்று முடிவாயிற்று. தலைப்பு: அடித்துத் திருத்துவது தேவையா, தேவையில்லையா. கட்சியைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். எனக்கு 'தேவை' விழுந்தது, ஸ்ரீஹரிக்கு 'தேவையில்லை'. வகுப்பே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "மாத்திக்கிறியா மதுமதி?" என்றார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "வேணாம் மிஸ், நல்லாவே பேசுவேன்" என்றேன்.

பேச விஷயம் வேண்டுமே. கடைக்குப் போய் அப்பாவையே கேட்டேன். அப்பா முதலில் முறைத்தார். பிறகு கடையில் வேலை பார்க்கும் பீர் முஹம்மது அண்ணனைக் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எனக்கு ரோஸ் மில்க் வரவழைத்து, ஸ்டூலில் உட்கார வைத்துப் பேசினார்.

"எழுதிக்கோட்டி. அடியாத மாடு படியாது. எங்கப்பன் என்னைப் பனமட்டையால அடிச்சாரு, தோலு உரிஞ்சிருச்சு. அந்த அடிதான் இந்தக் கடை. அடிக்கிறவனுக்கு வலிக்காதுன்னு நெனைக்காத. அவனுக்குத்தான் ரெண்டு மடங்கு வலி. வேண்டாதவன எவனும் அடிக்க மாட்டான், ரோட்டுல போறவனையா அடிக்கோம்?"

ஒரு மணி நேரம் பேசினார். என் நோட்டை வாங்கிப் பார்த்து, "கையெழுத்து அழகா இருக்கே" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. எனக்கு அப்பாவைப் பிடித்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்த வாரம் முழுக்க கம்பி கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் கட்சியை நான் பேசுவதால்தான் வீட்டில் அடி நின்றது என்று கணக்குப் போட்டேன். நாமே போய் வினையை விலைக்கு வாங்குவது என்பது இதுதான். "நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்" என்று அழைத்தேன்.

சனிக்கிழமை காலை. அப்பா மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அம்மா. இரண்டு வாரத்துக்கு முன் அவள் கன்னத்தில் விழுந்த நீலம் மஞ்சளாகிப் போயிருந்தது. அதன் மேல் பவுடர். நான் பேசினேன். பனமட்டையைப் பேசினேன், கடையைப் பேசினேன், இரண்டு மடங்கு வலியைப் பேசினேன். அரங்கத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒரு தாத்தா எழுந்து நின்று கைதட்டினார். அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம் "நம்ம பொண்ணு" என்று சொல்வது மேடையிலிருந்தே தெரிந்தது.

ஸ்ரீஹரி எழுந்தான். விதிப்படி என் பேச்சைத் திருப்பிச் சொன்னான். ஒரு வார்த்தை கோணல் இல்லை.

"அடிக்கறவர் அன்பாலதான் அடிக்கறார். திருந்தணும்னுதான் அடிக்கறார். அடி வாங்கறவாளைவிட அவருக்குத்தான் வலி ஜாஸ்தி. அதானே?"

"ஆமா, அதுதான்."

"இது குழந்தைக்கு மட்டும் இல்ல. பெரியவாளுக்கும், பெண்டாட்டிக்கும் இதே நியாயம்தான். அதானே?"

நான் அதைச் சொல்லவே இல்லை. "இல்ல" என்று சொல்லியிருக்கலாம், விதி இடம் கொடுக்கும். அதற்குள் கண் அம்மாவிடம் போய்விட்டது. மேடையில் இருப்பவள் எங்கே பார்க்கிறாள் என்று சபையும் திரும்பிப் பார்த்தது. அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

மூடாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மூடியதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ஆமா," என்றேன். "அதுதான்."

அப்பா எழுந்து வெளியே நடந்தார். அம்மா பின்னால் ஓடினாள். பரிசு யாருக்கு என்று கேட்க நான் நிற்கவில்லை. துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு வரை ஓடி, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். கதவு உள்ளே தாழிடாமல் சும்மா சாத்தியிருந்தது.

அம்மா தரையில் கிடந்தாள். பூ தனியாக, ஒற்றைச் செருப்பு தனியாகக் கிடந்தது. அப்பா அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார்.

"நீ எதுக்குட்டி மூடுன? ஊருக்குக் காட்டவா மூடுன?"

ஒவ்வொரு கேள்விக்கும் தலையைச் சுவரில் மோதினார். சுண்ணாம்பில் ரத்தம் பட்டு இழுபட்டிருந்தது. அன்றைக்கும் அம்மா கத்தவில்லை.

நான் நடுவில் போய் நின்றேன். ஆறு வாரம் படித்தது ஒன்று இருந்ததே, அதைத்தான் செய்தேன். "அப்பா, நீங்க சொல்றத நான் திருப்பிச் சொல்றேன். சரியான்னு மட்டும் சொல்லுங்க. சபையில உங்களுக்கு அவமானமாயிருச்சு. அம்மாவ அடிச்சா அது கொறையும். அதானே?"

அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். பிறகு அறைந்தார். காது 'ஙொய்' என்றது, வாயில் உப்புக் கரித்தது. அம்மாவைத் தாண்டிச் சமையலறைக் கதவை நோக்கி அவர் கை நீண்டது.

நான் முந்திக்கொண்டேன்.

கம்பி கையில் எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்தேன். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தோளில் ஒன்று, முட்டியில் ஒன்று. அவர் விழுந்த பிறகும் ஒன்று. "மது, போதும்டி, வுடுடி" என்று அம்மா கத்தினாள். தான் அடிபடும்போது ஒருநாளும் வராத சத்தம் அப்போதுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் கை எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். "கடை ஷட்டர் விழுந்துருச்சு" என்றார் அப்பா. கடையில் பீர் முஹம்மது அண்ணன், "இன்னா மொதலாளி, கைல மாவுக்கட்டு?" என்று கேட்டதற்கும் அதே ஷட்டர். கேட்டவர் பக்கத்தில் நல்ல நிலையில் இருந்த ஷட்டரைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு துணி மடிக்கப் போய்விட்டார்.

வீடு அமைதியாகிவிட்டது. அப்பா தலையைக் குனிந்து, இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்களே, அது சரிதான் போல என்று நினைத்தேன். சீட்டில் எனக்கு விழுந்த கட்சியே ஜெயித்துவிட்டது.

புதன்கிழமை காலை அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டி மேல் தட்டில் இருந்த தம்ளரை எடுக்கக் கையைத் தூக்கினேன். அம்மா தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டாள். கீரை தரையெல்லாம் சிதறியது.

அப்பா வீட்டிலேயே இல்லை. கடைக்குப் போயிருந்தார்.

"ஒண்ணுமில்லட்டி, ஏதோ நெனப்பு" என்று சிரித்தபடி கீரையைப் பொறுக்கினாள். நான் தம்ளரைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பல்லை உடைத்தபோது வராத அழுகை, எலும்பை உடைத்தபோது வராத அழுகை, அன்றைக்கு வந்தது. அன்று மத்தியானமே அந்தக் கம்பியை மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தேன். கை என்னோடுதானே இருக்கிறது, அதை எங்கே போட?

வெள்ளிக்கிழமை வகுப்பு. பயிற்சிக்கு அந்த வாரம் வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. "எங்கப்பா கை மேல கடை ஷட்டர் விழுந்துருச்சு. எலும்பு ஒடஞ்சிருச்சு" என்றேன்.

ஸ்ரீஹரி என் கன்னத்தைப் பார்த்தான். அறை விழுந்த இடம் இன்னும் லேசாகக் கன்றியிருந்தது. அன்றைக்கு அவன் பாட்டிலைத் தள்ளி வைக்கவில்லை, எங்கள் இருவருக்கும் நடுவிலேயே நின்றது.

"உங்கப்பா கை மேல ஷட்டர் விழுந்துடுத்து. அதனால எலும்பு முறிஞ்சுடுத்து," என்று நிதானமாகத் திருப்பிச் சொன்னான். "அதானே?"

"ஆமா, அதுதான்" என்றால் முடிந்தது. தலைமையாசிரியையின் மேஜை இழுப்பறையில் தேதி போடாத காகிதம் அப்படியே கிடக்கும், நான் பன்னிரண்டு முடிப்பேன். அம்மா கதவைச் சொன்னாள், அப்பா ஷட்டரைச் சொன்னார், நானும் ஒன்றைச் சொல்லிக்கொண்டு காலம் தள்ளலாம். வாயைத் திறந்தேன். இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்ட அம்மா கண்ணுக்குள் நின்றாள்.

"இல்ல," என்றேன்.

தபஸ்ஸும் மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு," என்றான் ஸ்ரீஹரி.

பாட்டிலை எடுத்து அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அம்மாவின் கதவிலிருந்து ஆரம்பித்தேன்.