ஒரு லிட்டர் இன்ஜினின் மூன்று லட்சம் கிலோமீட்டர்

மருத்துவமனையின் வண்டிப் பிரிவில் காலை ஒன்பது மணிக்கு ஒட்டிய சுற்றறிக்கை, ஒன்பதேகாலுக்குள் எல்லா டிரைவர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஒப்பந்த வண்டிகள் அடுத்த மாதம் முதல் நோயாளிகளை ஏற்றக் கூடாது. டர்போ வைத்த சின்ன இன்ஜின் என்றால் மறுபேச்சே இல்லை.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய காகிதம்? 'ஒரு நிமிஷம்' அக்காவைக் கூப்பிட்டு நேரா சொல்லியிருக்கலாமே" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறிக்கைக்குப் பொருந்துகிற வண்டி மொத்த வளாகத்திலும் ஒன்றே ஒன்றுதான்.

அக்காவுக்கு 'ஒரு நிமிஷம்' என்ற பெயர் வந்த கதை சின்னது. மலைக் குடியிருப்புகளில் இருக்கும் டயாலிசிஸ் நோயாளிகளைக் காலையில் கீழே அழைத்து வருவதும், மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவள் வேலை. முப்பத்தொரு வளைவு ஏறி உச்சியில் போய் நின்ற பிறகும் இன்ஜினை உடனே அணைக்கமாட்டாள். "வண்டி நின்னாச்சே, ஏம்மா இன்னும் ஓடுது?" என்று கேட்டால், விரலைத் தூக்கி, "ஒரு நிமிஷம்" என்பாள். மலை ஏறி வந்ததும், இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ பழுக்கக் காய்ந்திருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணெய்தான் அதன் சூட்டை எடுக்க வேண்டும். பட்டென்று அணைத்தால் எண்ணெய் உள்ளேயே தங்கிக் கருகிவிடும். இதை ஆயிரம் பேருக்கு ஆயிரம் தடவை சொல்ல முடியாது என்பதால், ஒரு விரல், இரண்டு சொல்.

சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு அக்கா நேராக மாடியேறிப் போக்குவரத்து அதிகாரியின் அறைக்குப் போனாள். அவருக்கும் டிரைவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'ரெண்டு லிட்டர்.' அதற்குக் குறைந்ததெல்லாம் மிக்ஸிக்கு வைக்கிற மோட்டார் என்பது அவர் கட்சி.

"உட்காருங்கம்மா. உங்க மேல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒரு லிட்டர் இன்ஜின், மூணே சிலிண்டர். அதுல டர்போவை வெச்சு நூறு குதிரை சக்தியைப் பிழிஞ்சு எடுக்கறாங்க. நோஞ்சான் தலையில நெல்லு மூட்டை ஏத்தின மாதிரி. ஒன்றரை லட்சத்துல முதுகு ஒடிஞ்சிரும். உங்க வண்டி எவ்வளவு ஓடியிருக்கு?"

"மூணு லட்சத்துப் பதினோராயிரம்."

"பாருங்க!"

"பார்க்கச் சொல்லத்தான் சார் வந்தேன். மீட்டரைப் பார்க்காதீங்க, இன்ஜினை அளந்து பாருங்க. ஒன்பது வருஷத்துல ஒரு நோயாளிகூட என் வண்டியால பாதி வழியில நின்னதில்ல. அளவு தேறலைன்னா நானே சாவியை இந்த மேசையில வெச்சிட்டுப் போறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான். மலைப்பாதையில் ஒரு வண்டி நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு நிஜமாகவே உண்டு.

"சரி. நாளைக்குப் பத்து மணிக்கு நம்ம பட்டறையில. கம்பெனிப் புத்தகத்துல என்ன அளவு போட்டிருக்கோ அதுதான் தீர்ப்பு. ஒரு சிலிண்டர் குறைஞ்சாலும் வண்டி வெளியே. இன்னொண்ணு, உங்க கொழுந்தன் பட்டறையில வேலை பார்க்கறாரே, அவர் வண்டியைத் தொடக்கூடாது. வாயும் திறக்கக்கூடாது."

"தொடாம இருந்திடுவான் சார். ரெண்டாவதுதான் கஷ்டம்."

அன்று மாலை வீட்டில் செய்தியைக் கேட்ட அவள் கணவர், துணிப்பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "எனக்கு ஜுரம்னா மாத்திரையைப் போட்டுட்டுப் படுங்கன்னு சொல்ற. உன் வண்டிக்கு ஒரு இருமல் வந்தா நீ படுக்கறதே இல்ல. அதுவா தோற்கும்? போடி!" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜிப்பில் குனிந்தார்.

மறுநாள் பட்டறையில் கூட்டம். வேலையில்லாத டிரைவர்களும் வந்தார்கள், வேலை இருந்தவர்களும் வந்தார்கள். கொழுந்தன் கருவி அலமாரியில் சாய்ந்து, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நின்றான். அவனை விட்டால் பட்டறையில் வேலை தெரிந்தவர் லாரி மெக்கானிக் ஒருவர்தான். இருபத்தாறு வருடமாக மருத்துவமனையின் லாரிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் அவர்தான் வைத்தியர். டீசல் இன்ஜினைக் காதால் கேட்டே நோயைச் சொல்வார். பொய் சொல்லத் தெரியாது என்பதும் ஊரறிந்தது.

அவர் முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். பிறகு தலையைத் தூக்கினார். "ஏம்மா, டைமிங் பெல்ட் எண்ணெய்க்குள்ளேயே ஓடுதே! ரப்பர் ஊறிப் போயிடாதா?"

"கண்ட எண்ணெயை ஊத்தினா ஊறும்ணே. பிசிறு பிசிறா உதிர்ந்து கீழே சல்லடையை அடைச்சிரும். எண்ணெய் மேலே ஏறாது, டர்போ காஞ்சு சாகும். இந்த இன்ஜினுக்குக் கெட்ட பேரு வந்ததே அதனாலதான். புத்தகத்துல போட்டிருக்கிற எண்ணெயைத் தவிர வேற ஒரு சொட்டு நான் ஊத்தினதில்ல. வழியில யாராவது உதவி பண்றேன்னு எதையாவது ஊத்திடக் கூடாதுன்னு டிக்கியில ஒரு டின் எப்பவும் இருக்கும்."

"மாத்தறது எப்ப?"

"பதினைஞ்சாயிரத்துக்கு ஒரு தடவைன்னு புத்தகம் சொல்லுது. அது சமதரைக்காரங்களுக்கு. நான் ஏழாயிரத்து ஐந்நூறுக்கே மாத்திடுவேன். பெல்ட் ரெண்டு தடவை மாத்தியாச்சு. அப்போ சல்லடையையும் கழட்டிக் கழுவினேன்."

"கழுவினேனா? நீங்களா?" என்றார் அதிகாரி.

அலமாரிப் பக்கமிருந்து ஒரு கனைப்பு வந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்ததும் நின்றது.

எண்ணெய் அழுத்தம் பார்த்தார்கள். இன்ஜின் சூடாகி மெதுவாக ஓடும்போதும் சரி, வேகம் ஏற்றும்போதும் சரி, முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. டிரைவர்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. அடுத்ததுதான் முக்கியமானது, கம்ப்ரஷன். ஒவ்வொரு சிலிண்டரும் உள்ளே வந்த காற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்ற சோதனை. பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்திருந்தால் காற்று கசிந்து முள் இறங்கிவிடும். புத்தகத்தின்படி பத்துக்குக் குறையக் கூடாது.

லாரி மெக்கானிக் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். பெட்ரோல் வராமல் ஃபியூஸைப் பிடுங்கினார். முதல் துளையில் அளவுமானியை முறுக்கினார். சாவியை யார் திருப்புவது? வண்டிக்காரி திருப்பக் கூடாது, கொழுந்தன் கூடவே கூடாது. "நானே திருப்பறேன்" என்று அதிகாரி முன்வந்தார். சட்டையில் கறை படாமல் டிரைவர் இருக்கையில் ஓரமாக உட்கார்ந்து, ஒரு காலை வெளியே தரையில் ஊன்றிக்கொண்டார்.

"ம், சுத்துங்க சார்."

இன்ஜின் சுழன்றது. முள் ஏறியது. எட்டில் நின்றுவிட்டது.

இரண்டாவது சிலிண்டர். எட்டு. மூன்றாவதும் எட்டு.

லாரி மெக்கானிக் அளவுமானியைத் தட்டிப் பார்த்தார். "எட்டுதாம்மா" என்றார், தானே குற்றம் செய்தவர் போல. கொழுந்தனின் முகம் சிவந்து, வாய் திறந்து, மூடியது. இரண்டு காதுகளும்கூட அசைந்ததாக ஆம்புலன்ஸ் டிரைவர் பிறகு சத்தியம் செய்தார்.

அக்கா நேற்றைய ஏற்றத்தை மனதில் ஓட்டிப் பார்த்தாள். நேற்று பதினேழாவது வளைவில் வண்டி இழுக்கச் சிரமப்பட்டதா? இல்லையே. உள்ளே நாலு பேர், எப்போதும் போல மூன்றாவது கியரிலேயே ஏறியதே. எண்ணெய் குறைகிறதா? ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவே அரை டம்ளர்கூடக் குறைவதில்லை. சாவி அவள் கையில் இல்லை, அதிகாரியிடம் இருந்தது. அவர் இறங்கி, அதை அவளிடம் கேட்காமலே தன் பையில் போட்டால் எல்லாம் முடிந்தது.

"வருத்தப்படாதீங்கம்மா" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "மூணு லட்சம் ஓடினதே பெரிசு..."

"சார், இருங்க. மூணும் எட்டா?"

"மூணும் எட்டு."

"அதெப்படி? ஒரே வீட்டுல மூணு பேர் இருந்தாலும் மூணு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே அளவு நரைக்குமா? தேய்மானம்னா ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். மூணும் சொல்லி வெச்ச மாதிரி குறையுதுன்னா, மூணுக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு கிடைக்கலை." அவள் குனிந்து காற்று வடிகட்டியின் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தாள். "சாவியை மட்டும் இன்னொரு தடவை திருப்புங்க சார்."

இன்ஜின் சுழன்றது. உள்ளங்கையில் இழுப்பே இல்லை.

"மூச்சே இழுக்கலையே" என்றாள். நிமிர்ந்தவள் கண்ணில் அதிகாரியின் கால்கள் பட்டன. ஒன்று வெளியே தரையில். இன்னொன்று ஆக்ஸிலேட்டர் பெடலைவிட்டு விலகி, பத்திரமாக மடங்கி. அக்கா லாரி மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க லாரியில காத்து போற வழியில மூடித் திறக்கற தகடு உண்டா?"

"நம்ம பழைய டீசலுக்கு ஏதும்மா அதெல்லாம்? காத்து பாட்டுக்குப் போகும். டீசலைத்தானே கூட்டிக் குறைப்போம்." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார். பிறகு படீரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கிரீஸ் அப்பியது. "அட என் புத்தியே! இது பெட்ரோல்! ஆக்ஸிலேட்டரை மிதிச்சாத்தானே தகடு திறக்கும்! வாசலை மூடி வெச்சுக்கிட்டு உள்ளே ஆளைக் காணோம்னு எண்ணியிருக்கேன். இருபத்தாறு வருஷமா மிதிக்காமலே பார்த்த பழக்கம்மா."

"அதைத்தான்!" என்று ஒரு கத்தல் அலமாரியிலிருந்து வெடித்தது. "அண்ணி, சத்தியமா இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா எனக்கு மூளை நரம்பு அறுந்திருக்கும்!"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் அதிகாரி.

"அதான் அண்ணியே கண்டுபிடிச்சிட்டாங்களே சார். இனிமே திறந்தா என்ன?"

பட்டறையே சிரித்தது. அதிகாரியும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். இரண்டாவது காலையும் உள்ளே வைத்து, சட்டைக் கறையைப் பற்றிக் கவலைப்படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த முறை பெடலை அடிவரை மிதித்தார்.

இன்ஜின் சுழன்றது. குழாய் வாயில் காற்று இரைந்தது. முள் எட்டைத் தாண்டி, பத்தைத் தாண்டி ஏறியது.

"பன்னிரண்டரை!" என்று லாரி மெக்கானிக் ஏலக்காரர் போலக் கூவினார். அடுத்தது பன்னிரண்டு. கடைசியும் பன்னிரண்டரை. புத்தகத்தைப் புரட்டி, புது இன்ஜினுக்கு என்ன போட்டிருக்கிறது என்று தேடினார். பதின்மூன்று. புத்தகத்தை அதிகாரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருங்க சார். மூணு லட்சம் ஓடினதுக்கும் புதுசுக்கும் நடுவுல ஒரு புள்ளிதான். என் லாரி ஒண்ணுகூட இந்த வயசுல இப்படி இல்ல."

அதிகாரி இறங்கினார். திறந்து கிடந்த அந்தச் சின்ன இன்ஜினைக் குனிந்து பார்த்தார். பிறகு சாவியை இரண்டு கைகளாலும் அக்காவிடம் கொடுத்தார்.

"சுற்றறிக்கையைத் திருத்திடறேன். இனி கிலோமீட்டரை வெச்சு யாரையும் நிறுத்தறதில்ல. எல்லா வண்டியையும் இப்படி அளந்துதான் முடிவு. உங்க வண்டிக்கு ஒரு வருஷம் அனுமதி."

"வருஷம் வேண்டாம் சார். ஐம்பதாயிரம் கிலோமீட்டர்னு போடுங்க. சும்மா நிக்கற வண்டிக்கும் வருஷம் ஓடும், மலை ஏறற வண்டிக்கும் வருஷம் ஓடும்."

அவர் அப்படியே எழுதினார். சோதனைப் படிவம் கை மாறி லாரி மெக்கானிக்கிடம் போனது. அவர் முதலில் எட்டு, எட்டு, எட்டு என்று எழுதி, பக்கத்தில் 'பெடலை மிதிக்கச் சொல்லாதது என் தவறு, கண்டுபிடித்தது வண்டிக்காரம்மா' என்று குறித்து, கீழே சரியான அளவுகளை எழுதினார்.

"முதல்ல வந்ததை எல்லாம் எழுதணுமா? விட்டிருங்களேன்" என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் சார். தப்பை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

கடைசியில் படிவம் அக்காவிடம் வந்தது. உரிமையாளர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். ஓட்டுநர், அதுவும் அவளே. மூன்றாவது கட்டம், பராமரிக்கும் மெக்கானிக். அதிகாரி கொழுந்தனைப் பார்த்துத் தலையசைத்தார். "வாங்க, இப்ப நீங்க தொடலாம். கையெழுத்துப் போடுங்க."

கொழுந்தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் ஸ்பேனர் இரவல் குடுத்ததோட சரி சார். அதையும் துடைச்சுத்தான் திருப்பித் தருவாங்க."

அக்கா பேனாவை அழுத்திப் பிடித்தாள். மேலே இருந்த இரண்டையும்விடக் கொஞ்சம் பெரிய எழுத்தில், மூன்றாவது கட்டத்திலும் தன் பெயரை எழுதினாள்.