கரடிச் சம்பளம்

அரவேணு பொம்மைக் கம்பெனியில் கரடிகளுக்குக் கண் தைப்பது சசிகலாவின் வேலை. ஆயிரக்கணக்கில் தைத்திருப்பாள், ஒன்றைக்கூட மகள் ரேஷ்மாவுக்குக் கொண்டுவந்ததில்லை. கேட்டு அழும்போதெல்லாம், "அது விக்கறதுக்குடி" என்று அதட்டி அடக்கிவிடுவாள்.

இந்த சீசன் முழுக்க மழை. ஊட்டிக்கு ஆளே வரவில்லை. தேங்கிப்போன கரடிகளைக் கடைக்காரர்கள் பாதி விலைக்குத் தள்ளினார்கள். அந்த விலை பஞ்சுக்கும் துணிக்கும்கூடக் கட்டாது. புதுச் சரக்கை எவனும் தொடவில்லை.

சம்பள நாளன்று முதலாளி விஜயபாஸ்கர் ஆளுக்கொரு மூட்டையைக் கொடுத்தார்.

"பணம் இல்லீங்க அம்மிணி. இதையே வித்துக்குங்க."

சொன்னவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊட்டியிலேயே விலைபோகாததை இவள் எங்கே கொண்டுபோய் விற்பாள்? வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு மூட்டையைத் தூக்கினாள்.

வீட்டில் அதைப் பிரித்ததுதான் தாமதம், ரேஷ்மா கரடிகளுக்கு நடுவே விழுந்து புரண்டாள்.

"அத்தனையும் நமக்காம்மா?"

"ஆமா கண்ணு. யாருமே வாங்கலை, அதான் குடுத்துட்டாங்க."

சசிகலா அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். திரும்பினால், மகள் ஒரு கரடியை அணைத்தபடி சாமி படத்தின் முன் கண்ணை இறுக மூடி நின்றிருந்தாள்.

"என்னடி வேண்டிக்கிற?"

"அடுத்த மாசமும் யாரும் கரடி வாங்கக் கூடாதுன்னும்மா."