மருந்து டிரம்மில் கொசுப்புழு

1

இந்தக் கதையை என் அக்கா மாயக்காளிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள் அவள் சுகாதார நிலையத்துக்காகத் தினக்கூலிக்கு வீடுவீடாகப் போய்க் கொசுப்புழு தேடி, கண்ட இடத்தை நோட்டில் எழுதிக் கொடுக்கிறாள். மீதி நாள்களில் ஓடைப்பட்டியில் ஈஸ்வரபாண்டியின் திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டுகிறாள். (பெயரை மாற்றிவிட்டேன். தோட்டத்தை மாற்றவில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: மேகமலையின் மேல் முகில்கள் தவழும் அந்த இனிய...

சீ. எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனது முகிலை வர்ணிக்கவா?

2

அக்காவோடு கொடி கட்டும் நாகஜோதிக்கு டெங்கு. ஆறு மாதக் கர்ப்பம். தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவள் வீட்டைச் சுற்றி அக்கா தேடினாள். தொட்டி, டயர், சிரட்டை எதிலும் புழு இல்லை. டெங்குக் கொசு கடிப்பது பகலில். பகலில் நாகஜோதி இருந்தது தோட்டத்தில்.

(இங்கே ஒரு கட்டுரை நுழைகிறது. தடுக்க மாட்டேன். அந்த நிலத்தில் மானாவாரிச் சோளம் விளைந்தபோது டிரம் கிடையாது. திராட்சை வந்தது. தூறல் விழுந்தால் இலையில் நோய் விழும், உடனே மருந்தடிக்க வேண்டும், அதற்கு டிரம்மில் தண்ணீர் எப்போதும் நிறைந்து நிற்க வேண்டும். பழத்தை நீங்கள் சாப்பிடுகிறீர்கள். டிரம்மில் வளர்வது எங்களைச் சாப்பிடுகிறது. டெங்குச் சுவரொட்டியில் இன்னும் சிரட்டைதான் இருக்கிறது.)

3

தோட்டத்தில் பன்னிரண்டு டிரம். அக்கா கரண்டியோடு குனிந்ததும் ஈஸ்வரபாண்டி சிரித்தார்.

"ஏத்தா மாயக்கா, அது மருந்து டிரம்மு. குடிச்சா மனுசனே செத்துருவான். கொசு பொழைக்குமா?"

(எங்கள் பக்கம் எல்லோரும் இதை நம்புகிறார்கள். பட்டம் வாங்கிய நானும் நம்பினேன். மருந்து வந்த டிரம்மைக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.)

அக்கா வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு நீட்டினாள்.

"பொழைக்கிறதென்னண்ணே, நீச்சலே பழகுது. பாருங்க."

பார்த்தார். சிரிப்பு நின்றது.

"கவுத்து விட்டுருவோம். இப்பவே. ஆனா நோட்டுல எழுதாத. காய்ச்சத் தோட்டம்னு பேரு விழுந்தா யாவாரி எவன் இங்கன வருவான்?"

"எழுதலைன்னா மத்த தோட்டத்து டிரம்ம யாருண்ணே பாப்பாக?"

"எழுது. அப்புறம் திராட்சைக் குலை வெட்டுக்கு வேற தோட்டம் பாத்துக்க."

பன்னிரண்டு டிரம்மும் கவிழ்ந்தன. நோட்டு திறக்கவில்லை.

4

முடிவு அ: அக்கா எழுதினாள். ஊர்த் தோட்டமெல்லாம் சோதனை நடந்தது. நாகஜோதி பிழைத்தாள். ஈஸ்வரபாண்டி மனம் மாறி... (பொய். இப்படி முடித்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்வேன்.)

முடிவு ஆ: அக்கா எழுதவில்லை. அடுத்த தோட்டத்தில் இன்னொருத்தி... (இது நடக்கும். எனவே வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

இரண்டையும் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"என்னைய ரொம்ப நல்லவளா எழுதியிருக்கடி. கொசு வேலைல சேந்த அன்னைக்கே டாக்டர் அம்மா சொன்னாக, கண்டதை எழுதுன்னு. நான் அங்கன நின்னு அடுத்த வாரக் கூலியத்தான் நெனச்சேன். அதை எழுது."

"எழுதுறேன்."

"எழுதி? குலை வெட்டுக்கு உன் கதையா என்னையக் கூப்புடும்?"

நானாக இருந்தால் எழுதியிருப்பேன். சந்தேகமே இல்லை. அந்தத் தோட்டத்தில் எனக்கு வேலையும் இல்லை.

5

நோட்டில் 'புழு கண்ட இடம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் அவள் அதைக் கொடுத்தாக வேண்டும். இதற்கு முடிவு நான் எழுத மாட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். எழுது என்றால், அவளுக்கு வேலை யார் கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம். பக்கத்துத் தோட்டத்தில் இந்நேரம் பெண்கள் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.