கட்டாத கோபுரம் பதித்த பதக்கம்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்மிங்காமில், ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், விக்டோரியா காலத்து வெள்ளீயப் பதக்கம் ஒன்றை வாங்கினேன். வடக்கே ஒரு நூற்பாலை ஊரில் நடந்த தொழிற்கண்காட்சியின் நினைவுப் பதக்கம். ஒரு பக்கம் மகாராணி. மறுபக்கம் கண்காட்சிக் கூடமும் கோபுரமும், தள்ளி ஒரு மேகமும். கோபுர உச்சியில் கொசு அளவு ஒரு மேடு. அழுக்கு என்றார் விற்றவர்.

ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். கூடம் இருக்கிறது, உள்ளே மீன் விற்கிறார்கள். கோபுரம் இல்லை. இருந்ததே இல்லையாம். அப்படியானால் பதக்கத்தில் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

2

‘பதக்க அச்சு வெட்டும் ஆமோஸ் தம் பட்டறையில்—’

[முதலில் இப்படித்தான் தொடங்கினேன். ஆமோஸுக்குத் தாடி வைத்தேன், இருமல் கொடுத்தேன். மனிதர் அசையவில்லை. ஆனாலும் இங்கேயே இருக்கட்டும். காரணம் பின்னால் வரும்.]

அவருக்குப் பதிலாக வந்தவள் திர்ஸா ஹாட்லி. அப்பாவிடம் தொழில் கற்று, அவருக்குப் பிறகு பட்டறையைத் தானே நடத்தியவள். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவளுக்கு வரவில்லை. திறப்பு விழாவுக்குப் பதக்கம் தயாராக வேண்டுமே! கூடம் எழும்பும் முன்பே, வரைபடத்தைப் பார்த்து எஃகு அச்சில் கோபுரத்தை வெட்டிவிட்டாள். நிஜக் கோபுரத்தில் தச்சு வேலை அவள் தம்பி லெவிக்கு.

“என்னையும் உச்சியில நிக்க வையேன்க்கா.”

“கொசு அளவு இருப்ப. யார் கண்ணுக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்ல.”

மார்ச் மாதக் காற்றில் சாரம் சரிந்தது. லெவி பிழைக்கவில்லை. கண்காட்சிக் குழு கோபுரத்தை அத்தோடு கைவிட்டது.

3

குழுவின் செயலாளர் பார்கெட்டர் பட்டறைக்கு வந்தார். [இவரைக் கெட்டவராக்க ரொம்பவே ஆசைப்பட்டேன். மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.] லெவிக்காக வருந்தினார். பிறகு, கோபுரத்தைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சாவுதான் ஞாபகம் வரும், எடுத்துவிட வேண்டும் என்றார்.

“எடுக்க முடியாதுங்க ஐயா. வெட்டினது வெட்டினதுதான். மேல எதையாவது சேக்கலாம், அவ்வளவுதான்.”*

அது நிஜம். அச்சில் வெட்டிய பள்ளம்தான் பதக்கத்தில் மேடாக எழுகிறது. பள்ளத்தைத் தூர்க்க வழியில்லை. புது அச்சுக்கு நேரமும் இல்லை. அப்படியானால் ஒரு மேகத்தைச் சேர்த்து மூடச் சொன்னார்.

“ஊர்ல அவன் பேரச் சொல்ல ஒரு கல்லு கூட இல்ல. இது ஒண்ணுதான் நிக்குது.”

“புரியுதும்மா. மேகம் போட்டுடு.”

(* இதைக் கேட்டதிலிருந்து நானும் இந்தக் கதையில் எழுதிய எதையும் அழிப்பதில்லை. ஆமோஸ் பிழைத்தது அப்படித்தான்.)

4

முடிவு ஒன்று: அழுதுகொண்டே மேகத்தை— [என் திர்ஸா அழுதுகொண்டு உளி பிடிக்க மாட்டாள்.]

முடிவு இரண்டு: அச்சைத் தூக்கிக் கால்வாயில்— [கோபுரமும் சேர்ந்தல்லவா முழுகும்?]

மூன்றாவது என் யோசனை அல்ல, அவளே செய்தது. இறுகிய அச்சை, மறுபடி வெட்ட வரும்படி நெருப்பில் காட்டி இளக்கினாள். கோபுர உச்சியில் ஓர் ஆளைச் சேர்த்தாள். கொசு அளவு, இரண்டு கால், இடுப்பில் ஒரு கை. பார்கெட்டர் கேட்ட மேகத்தையும் வெட்டினாள், கோபுரத்தைத் தொடாமல், வானத்தில் நன்றாகத் தள்ளி. அச்சை மறுபடி இறுகவைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. குழுவின் வேலை போனால் பட்டறையே போய்விடும்.

5

திறப்பு விழா. கூடத்துக்குள்ளேயே யந்திரத்தை வைத்து, ஜனங்கள் பார்க்கப் பார்க்கப் பதக்கம் அடிக்கிறார்கள். அடிப்பவள் திர்ஸா. விழா வேலைகளில் அதுவரை மூச்சுவிட நேரமில்லாத பார்கெட்டர், அப்போதுதான் விழுந்த ஒன்றை எடுக்கிறார். மேகம் ஓரிடத்தில், கோபுரம் ஓரிடத்தில். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கிறார். திர்ஸா யந்திரத்தின் கைப்பிடியை விடவில்லை; அடுத்த வெள்ளீய வில்லையை வைத்து அடிக்கிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையை மூட வையுங்கள், கை குலுக்க வையுங்கள், உங்கள் இஷ்டம். ஒரே நிபந்தனை: சேர்க்கலாம், அழிக்கக் கூடாது. உச்சியில் நிற்பவனை நானே நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டேன். போகவில்லை.